ரெண்டாவது எடிஷன் வருதாமே? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

பாளையக்காரர் காலத்து மதுரைச் சீமையில நடக்குற நம்ம ரோல்பிளேயிங் கேமுக்கு ரெண்டாவது எடிஷன் எழுதிக்கிட்டு இருக்கோம்னு எப்ப வாயத் தொறந்தேனோ, அன்னையில இருந்து ஆளாளுக்கு அதே கேள்விதான். டீக்கடையில நிப்பாட்டி கேக்குறாங்க, ராத்திரி பதினோரு மணிக்கு வாய்ஸ் நோட் அனுப்பி கேக்குறாங்க, அரசரடி சிக்னல்ல பக்கத்து வண்டியில இருந்து ஒரு தம்பி "அக்கா, தாயக்கட்டைய எடுத்துருவீங்களா"ன்னு கத்துறான். அதான் எல்லாத்தையும் ஒண்ணா எழுதி வெச்சுட்டேன். கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டிருக்கேன், ரெண்டு மூணு கெட்ட வார்த்தைய மட்டும் எடுத்துட்டேன்.

அக்கா நான் இப்பத்தான் சேந்தேன். இந்த கேம்னா என்ன, எடிஷன்னா என்ன?

நாலஞ்சு பேரு மேசையச் சுத்தி உக்காந்து, ஆளுக்கொரு பாத்திரத்த எடுத்துக்கிட்டு, ஜிஎம்னு ஆட்டத்த நடத்துற ஒருத்தர் சொல்ற ஒலகத்துக்குள்ள "நான் இப்ப இதப் பண்றேன்"னு சொல்லிச் சொல்லி கதைய நகத்துறது. நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வர்ற எடத்துல டைஸ் உருட்டுறது. அம்புட்டுத்தான். 1974-ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் போட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான், சுருக்கமா டி அண்ட் டி, இந்த வகையில கடைக்கு வந்த மொத கேம், மொத அச்சு ஆயிரம் பெட்டிதான். ரூல்புக்க திருத்தி, கூட்டி, கழிச்சு திரும்ப போட்டா அது புது எடிஷன். சில தடவ எழுத்துப்பிழைய மட்டும் திருத்தியிருப்பாங்க, சில தடவ அட்டையில பேரு மட்டும் அதேதான், தொறந்து பாத்தா உள்ள வேற கேம் இருக்கும்.

பழசே நல்லாத்தான ஓடுது, எதுக்கு புதுசு? காசு பாக்கவா?

நமக்கு இதுல காசெல்லாம் கெடையாது, ஜெராக்ஸ் செலவு திரும்பி வந்தாலே பெருசு. ஆனா பெரிய கம்பெனிகளுக்கு காசுதான் பாதி காரணம், அதுல தப்பு இருக்குறதாவும் நான் நெனைக்கல. ரூல்புக்க ஒருத்தன் ஒரு தடவ வாங்குனா பத்து வருசத்துக்கு போதும், அப்ப கம்பெனி எதத்தான் விக்கிறது, துணைப் புத்தகமா போட்டுக்கிட்டே இருப்பாங்க, ஒவ்வொண்ணுலயும் நாலு புது ரூல் இருக்கும், அந்த நாலு பழைய நாலோட முட்டும், கடைசியில புதுசா வர்றவன் அலமாரியப் பாத்தே பயந்து ஓடிருவான். அப்பத்தான் "எல்லாத்தையும் சுத்தம் பண்ணி முதல்ல இருந்து"ன்னு புது எடிஷன் வரும். டி அண்ட் டி மூணாவது எடிஷன் 2000-ல வந்துச்சு, 2003-லயே மூணரைன்னு திருத்துன பதிப்பு வந்துச்சு, மூணே வருசத்துல திரும்ப வாங்க வெச்சுட்டாங்களேன்னு கடுப்பானவங்க நெறய பேரு.

நம்ம காரணம் வேற. மொத எடிஷன் நம்ம அண்ணன் கையால எழுதுன 40 பக்க நோட்டு. அதை ஜெராக்ஸ் எடுத்து ஜெராக்ஸ்ல இருந்து ஜெராக்ஸ் எடுத்து, ஆளாளுக்கு ஓரத்துல பேனாவால ரூல் எழுதி, இப்ப திருமங்கலம் டேபிள்ல, அதாவது அங்க ஆடுற குழுவுல, வளரிங்கிற வளைஞ்ச எறி ஆயுதத்த வீசுனா திரும்ப கைக்கு வருது, மேலூர் டேபிள்ல வராது. ரெண்டு டேபிளும் சேந்து ஒரு நாள் ஆடுனப்போ வளரிக்காக நடந்த சண்டையில கதையே நடக்கல, பரோட்டா வந்ததுக்கு அப்புறம்தான் ஆளுக சமாதானமானாங்க. இதுக்குத்தான் ரெண்டாவது எடிஷன்.

எதை வெச்சுக்கணும், எதை மாத்தணும்னு எதை வெச்சு முடிவு பண்றீங்க?

இதுதான் முக்கியமான கேள்வி, இதுக்கு மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

பாரம்பரியம்னு சொன்னதும் எல்லாரும் ரூலப் பத்தியே பேசுறாங்க. என்னைக் கேட்டா பாரம்பரியம் ரூல்புக்ல இல்ல, ஆடுனவங்க நோட்டுல இருக்கு. உசிலம்பட்டி பக்கத்துல இருந்து வர்ற நம்ம தங்கச்சி ஒருத்தி கேரக்டர் ஷீட், அதாவது தன் பாத்திரத்தோட விவரமெல்லாம் எழுதுற தாள் வெச்சிருக்கா, அதுல "இடது கை: நத்தம் கணவாயில போச்சு"ன்னு எழுதி வட்டம் போட்டு வெச்சிருப்பா, அந்த ஒரு வரிக்குப் பின்னால எங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு ராத்திரி இருக்கு. புது எடிஷன் வந்து அந்த ஷீட்ட செல்லாத நோட்டு ஆக்குச்சுன்னா, ரூல் எம்புட்டு அழகா இருந்தாலும் நான் அதுக்கு ஓட்டுப் போட மாட்டேன். அதே ஷீட்ட ஒரு சாயங்காலத்துல புது ரூலுக்கு மாத்திட்டு ராத்திரியே ஆட முடியும்னா, உள்ள இருக்குற கணக்க எப்படி வேணா மாத்திக்கோங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல.

உதாரணத்துக்கு பழைய டி அண்ட் டில தாக்கோன்னு ஒரு எண் உண்டு, கவச எண் பூஜ்யமா இருக்குற எதிராளிய அடிக்க டைஸ்ல எவ்வளவு விழணும்ங்கிறதுதான் அது. எதிராளியோட கவச எண் கொறையக் கொறைய அவன் பலசாலி, அதாவது கவசம் 10-ன்னா சும்மா வேட்டியோட நிக்கிறான், 3-ன்னா இரும்புக்குள்ள நிக்கிறான், நல்லா பலசாலின்னா எண் பூஜ்யத்துக்கும் கீழ போயிரும். உன் தாக்கோ 15, அவன் கவசம் 3, பதினஞ்சுல மூணு போக 12, இருபது பக்க டைஸ்ல 12-ம் அதுக்கு மேலயும் விழுந்தா அடி பட்டுச்சு. 2000-ல வந்த எடிஷன்ல இதத் தலைகீழா திருப்பிட்டாங்க. கவசம் கூடக்கூட நல்லது, உன் தாக்குதலுக்கு ஒரு கூட்டல் எண். அதே ஆள இப்ப எழுதுனா தாக்குதல் +5, எதிராளி கவசம் 17. பதினேழ எட்ட டைஸ்ல எவ்வளவு விழணும்? அதே 12. ஒரு சதவீதம்கூட மாறல! கழிச்சுப் பாக்குற வேல மட்டும் போச்சு. பழைய கேரக்டர மாத்துறதுக்குன்னே ஒரு கையேடும் அப்ப போட்டாங்க. இது மாதிரி மாத்துறதுக்கு யாரு அழுதா? அழுதாங்க, ஆனா கொஞ்ச நாளுதான்.

இதுக்கு எதிர்ப்பக்கமும் அதே கேம்ல இருக்கு. ஆறு பக்க டைஸ் மூணு உருட்டி பலம், அறிவு, சாமர்த்தியம்னு 3-ல இருந்து 18 வரைக்கும் ஒரு எண் போடுவாங்கல்ல, இப்ப அந்த எண்ண ஆட்டத்துல கிட்டத்தட்ட எங்கயும் நேரா யூஸ் பண்றதே இல்ல. 16 பலம்னா +3, அந்த +3-தான் எல்லா வேலையும் பாக்குது, 16 சும்மா ஷீட்ல உக்காந்திருக்கு. கணக்குப்படி பாத்தா தூக்கிரலாம். ஆனா "எனக்கு பதினெட்டு விழுந்துச்சுடா"ன்னு ஒருத்தன் எந்திரிச்சு நிக்கிறான் பாருங்க, அத +4-ஐ வெச்சு பண்ண முடியாது. வெச்சிருக்காங்க, சரிதான்.

பாரம்பரியத்துல கைய வெச்சா அப்புறம் அது பாரம்பரியமாக்கா?

மதுரையில இருந்துக்கிட்டு இதக் கேக்கலாமா? மீனாட்சி கல்யாணம் முன்னாடி மாசியில நடந்துச்சு, அழகர் சித்திரையில தேனூருக்குப் போயி அங்க ஆத்துல எறங்கிக்கிட்டு இருந்தாரு, திருமலை நாயக்கர்தான் ரெண்டையும் ஒண்ணா இழுத்து சித்திரையில மதுரையில வெச்சாருன்னு சின்ன வயசுல இருந்து கேட்டுத்தானே வளந்தோம். இன்னைக்கு யாராவது அதப் புதுசுன்னு சொல்லுவாங்களா? ஆனா நாயக்கர் காலத்து ஆளுக செஞ்ச கெட்டிக்காரத்தனம் எங்க இருக்குன்னா, வண்டியூர்ல அழகர் மண்டூக முனிவருக்கு மோட்சம் குடுக்குறாரே, அந்த மண்டபத்துக்குப் பேரு இன்னைக்கும் தேனூர் மண்டபம். தேர் ஓடுறது சித்திரையில, ஓடுற தெரு மாசி வீதி. ஊர விட்டுக் கெளப்புனாங்க, காலத்த மாத்துனாங்க, பழைய ஆளுகளுக்கு உள்ள நிக்க ஒரு எடத்த விட்டு வெச்சாங்க. எடிஷன் எழுதுறவங்க தேடணும்னா அந்த எடத்தத்தான் தேடணும்.

டி அண்ட் டி நாலாவது எடிஷன் ஏன் அடி வாங்குச்சு? யூடியூப்ல எல்லாரும் திட்டுறாங்க.

திட்டுறவங்கள்ல பாதிப் பேரு அத ஆடுனதில்ல, அத மொதல்ல சொல்லிர்றேன். 2008-ல வந்துச்சு. டிசைனா பாத்தா கெட்டிக்காரத்தனமான வேல. அதுக்கு முந்தி என்ன நெலமைன்னா, மந்திரவாதி லெவல் ஏற ஏற ஊரையே கொளுத்துவான், வாள்வீரன் கடைசி வரைக்கும் "வெட்டுறேன், மறுபடி வெட்டுறேன்"தான். நாலாவது எடிஷன் எல்லாருக்கும் ஒரே சட்டம் போட்டுச்சு, எப்ப வேணா பண்ற வித்த, ஒரு சண்டைக்கு ஒரு தடவ பண்ற வித்த, ஒரு நாளைக்கு ஒரு தடவ பண்ற வித்தன்னு. சண்டை அம்புட்டு விறுவிறுப்பா இருக்கும், ஜிஎம் தயார் பண்ணிக்கிட்டு வர்ற வேலையும் பாதியாயிருச்சு.

அப்புறம் ஏன் அடின்னா, நான் ரூல விட வேற ரெண்டு எடத்தச் சொல்லுவேன். ஒண்ணு, பழைய கேரக்டர அப்படியே தூக்கிட்டு வர வழி இல்லாமப் போச்சு. நோம்னு ஒரு குள்ள இனம், வருசக்கணக்கா ஆடிக்கிட்டு இருந்தவங்க இருக்காங்க, மொத ஆட்டக்காரர் புத்தகத்துல அது இல்ல, மிருகங்க புத்தகத்துல இருந்துச்சு, அடுத்த வருசம் ரெண்டாவது புத்தகத்துலதான் திரும்ப வந்துச்சு. அதுக்கு மேல, நெறய பேரு ஆடிக்கிட்டு இருந்த ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் ஒலகத்த கதைப்படி கிட்டத்தட்ட நூறு வருசம் முன்னால தள்ளிட்டாங்க. அதாவது நீ பத்து வருசமா பழகி வெச்ச ராசா, மந்திரி, சத்திரத்துக்காரன் எல்லாரும் ஒரே புத்தகத்துல செத்துட்டாங்க. நம்ம ஆட்டத்துல நாளைக்கு நான் வந்து "திருமலை நாயக்கர் அரண்மனை இப்ப கோர்ட்டு, நீங்க எல்லாரும் வெள்ளைக்காரன் காலத்துல இருக்கீங்க"ன்னு சொன்னா எப்படி இருக்கும்? நாற்காலி பறக்கும்ல?

இன்னொண்ணு லைசென்ஸ். 2000-ல ஓஜிஎல்னு ஒரு தெறந்த உரிமம் குடுத்து, வெளியாளுகளும் அந்த ரூல வெச்சு புத்தகம் போடலாம்னு விட்டிருந்தாங்க. நாலாவது எடிஷனுக்கு அத விட இறுக்கமான வேற உரிமம். பழைய உரிமத்துல மூணரையோட ரூல் தெறந்தே கெடந்துச்சா, பைசோன்னு ஒரு கம்பெனி அத எடுத்து தேச்சு மெருகேத்தி 2009-ல பாத்ஃபைண்டர்னு போட்டுச்சு, "எங்களுக்குப் பழசே போதும்"னு இருந்த கூட்டம் மொத்தமும் அங்கிட்டுப் போயிருச்சு. புது எடிஷனுக்குப் போட்டியா நின்னது அதோட அப்பன் ரூல்தான்!

வேடிக்கை என்னன்னா, திட்டு வாங்குன எடிஷனோட சரக்கு 2014-ல வந்த அஞ்சாவது எடிஷன்ல சத்தமில்லாம உள்ள வந்திருச்சு. தீந்தே போகாத சின்ன மந்திரம், கொஞ்ச நேரம் உக்காந்து எந்திரிச்சா காயம் ஆறுறது, இதெல்லாம் அங்க பழகுனதுதான். பழைய பேரு, பழைய சட்டையப் போட்டு விட்டாங்க, ஒருத்தரும் கண்டுக்கல.

அப்ப அஞ்சாவது எடிஷன்ல என்ன சரியாப் பண்ணாங்க?

2012-ல இருந்தே வரைவு ரூல ஊருக்கே குடுத்து ஆட விட்டு கருத்து கேட்டாங்க, அது ஒரு பெரிய விசயம். ரூல்ல எனக்குப் புடிச்சது அட்வான்டேஜ். முன்னாடி உயரமான எடத்துல நிக்கிறியா ஒரு கூட்டல், பின்னால இருந்து குத்துறியா ரெண்டு கூட்டல், இருட்டா நாலு கழித்தல்னு ஒரு பலசரக்குக் கடை பில்லு மாதிரி போட்டுக்கிட்டு இருந்தாங்க. இப்ப சாதகமான நெலமையா, ரெண்டு டைஸ் உருட்டி பெருச எடுத்துக்கோ. பாதகமா, சிறுச எடுத்துக்கோ. 11 விழணும்ங்கிற எடத்துல சாதாரணமா 50 சதவீதம், சாதகம் இருந்தா 75, பாதகம்னா 25. கூட்டிக் கழிக்க ஒண்ணும் இல்ல, எட்டு வயசுப் புள்ளைக்கு ஒரு நிமிசத்துல புரிஞ்சிரும். அதே நேரத்துல டைஸ் உருட்டுற சந்தோசம் ரெண்டு மடங்கு.

எடிஷன் மாத்தியும் சண்ட வராத கேம் ஏதாவது இருக்கா?

சண்ட வராத கேம் இல்ல. கொறைச்சலா வந்ததுன்னா கால் ஆஃப் கதுலு. 1981-ல வந்த பேய்க்கத கேம், நூறுக்கு எத்தனங்கிற சதவீத டைஸ்ல ஓடும். ஏழாவது எடிஷன் 2014-ல வந்துச்சு, அது வரைக்கும் ரொம்ப நாளா பெருசா கைய வெக்கவே இல்ல. ஏழுல கொஞ்சம் தைரியமா வெச்சாங்க. பலம் 13-ன்னு இருந்தத அஞ்சால பெருக்கி 65 ஆக்குனாங்க, எல்லாமே ஒரே சதவீதக் கணக்குக்கு வந்திருச்சு. தோத்த உருட்டல "பரவால்ல, இன்னும் பெரிய ஆபத்து வந்தாலும் சரி"ன்னு மறுபடி தள்ளிப் பாக்குற ரூல் வந்துச்சு, பயக்கதைக்கு இதவிட பொருத்தமா ஒரு ரூல் சொல்லுங்க பாப்போம். ஆனா 80-கள்ல வந்த கதைப் புத்தகத்த இன்னைக்கு எடுத்து வெச்சு, பென்சிலால எண்ண அஞ்சால பெருக்கிக்கிட்டே ஆடிரலாம். நான் சொன்ன சாயங்கால பரீட்சையில இது பத்து நிமிசத்துல பாஸ்.

தாயக்கட்டைய எடுத்துருவீங்களா?

எடுக்க மாட்டோம். எடுக்க மாட்டோம். சிக்னல்ல கத்துன தம்பி, உனக்குத்தான்.

ஆனா அதச் சுத்தி இருக்குற ரூல் மாறுது, அது ஏன்னு கணக்கோட சொல்றேன். ரெண்டு பித்தளைக் கட்டை, ஒவ்வொண்ணுலயும் நாலு பக்கம், ஒண்ணு, ரெண்டு, மூணு, ஒரு பக்கம் மொட்டை. ரெண்டும் மொட்டையா விழுந்தா பன்னெண்டு. கட்டை சீரா உருண்டா மொத்தம் 16 விதமா விழலாம், அதுல தாயம், அதாவது ஒண்ணு, 2 விதம், ரெண்டு 3 விதம், மூணு 4, நாலு 3, அஞ்சு 2, ஆறு 1, பன்னெண்டு 1. மொத எடிஷன்ல நாலும் அதுக்கு மேலயும் விழுந்தா காரியம் ஜெயம், தாயம் விழுந்தா எப்பவும் ஜெயம். அதாவது ஒண்ணும் தெரியாத ஆளுக்கு 16-க்கு 9. நல்ல ரூல். பயிற்சி ஒண்ணு இருந்தா விழுந்ததோட ஒண்ணு கூட்டிக்கலாம், அப்ப மூணும் ஜெயம், 16-க்கு 13. இது வரைக்கும் சரி. பயிற்சி ரெண்டு இருந்தா? ரெண்டும் ஜெயம். இப்ப எண்ணிப் பாருங்க, 16-க்கு 16. கட்டைய உருட்டவே வேணாம்! வாடிப்பட்டி டேபிள்ல காலேஜ் படிக்கிற பையன் ஒருத்தன் இதக் கண்டுபுடிச்சு வெச்சுக்கிட்டு நாலு மாசமா மூச்சு விடாம ஆடியிருக்கான், அவன் ஒளிஞ்சா யாரும் பாக்க முடியாது, அவன் பேசுனா பாளையக்காரரே தலையாட்டுவாரு.

இதே வியாதி பெரிய கேமுக்கும் வந்திருக்கு. டி அண்ட் டி மூணாவது எடிஷன்ல 20-ஆம் லெவல் வாள்வீரனுக்கு அடிப்படைத் தாக்குதலே +20, அதுக்கு மேல பலம், மந்திர வாள்னு ஏறும், இருபது பக்க டைஸ்ல என்ன விழுந்தா என்னங்கிற நெலம. அஞ்சாவதுல தேர்ச்சிக்கான கூட்டல +2-ல ஆரம்பிச்சு +6-ஓட நிறுத்திட்டாங்க. நாமளும் அதத்தான் பண்றோம். பயிற்சி ரெண்டுக்கு மேல கெடையாது, காரியத்துக்கு மூணு விதக் கஷ்டம், 4, 5, 6. பயிற்சி ரெண்டு இருக்குற ஆளுக்கு 5 வேணும்ங்கிற எடத்துல 16-க்கு 13, 6 வேணும்ங்கிற எடத்துல 16-க்கு 9. பயிற்சியே இல்லாதவன் 6-க்கு முட்டுனா 16-க்கு 4, கஷ்டம்தான், ஆனா தாயம்னு ஒண்ணு இருக்கே.

தாயம், அஞ்சு, ஆறு, பன்னெண்டுக்கெல்லாம் இன்னொரு தடவ உருட்டுறது?

இதுலதான் அண்ணனுக்கும் எனக்கும் இன்னும் வாய்த்தகராறு. வீட்டுல ஆடுற தாயத்துல இந்த நாலும் விழுந்தா மறுபடி உருட்டலாம், அதே மாதிரி நம்ம சண்டையிலயும் இன்னொரு செயல் கெடைக்கும்னு அண்ணன் எழுதி வெச்சாரு. 16-ல 6 தடவ இது நடக்கும். சராசரியா ஒரு ஆளோட முறைக்கு 1.6 வீச்சு, அஞ்சு பேரு இருந்தா ஒரு சுத்துக்கு 8 வீச்சு, அதுல ஒருத்தன் வரிசையா நாலு தடவ உருட்டிக்கிட்டே இருப்பான், மத்தவன் போன நோண்டிக்கிட்டு இருப்பான். புது எடிஷன்ல தாயத்துக்கும் பன்னெண்டுக்கும் மட்டும்தான் மறுவீச்சு. சுத்துக்கு ஆறு வீச்சுக்கிட்ட வந்திருது.

அஞ்சு, ஆறையும் விட்டா என்னன்னு அண்ணன் கேக்குறாரு. டேபிள்ல உக்காந்து பாத்தா தெரியும்ணே, அஞ்சு விழுந்தா யாரும் கத்துறதில்ல. தாயம் விழுந்தா பக்கத்து வீட்டுக்கே கேக்குது. எங்க சத்தம் வருதோ அத விட்டுட்டேன்.

மொத்தமா டைஸ் ஆப் வெச்சு ஆடுனா என்ன?

ஆடிக்கோ தம்பி. ரூல்ல தடை இல்ல. என் டேபிள்ல வேணாம்.

பொறப்ப வெச்சு குடுக்குற போனஸ ஏன் தூக்குனீங்க? அது அந்தக் காலத்து நெஜம்தான?

மொத நோட்டுல எந்தக் குடும்பத்துல பொறந்தவன்னு எழுதுனா அதுக்கு ஏத்த மாதிரி பலம், அறிவு, நேர்மைன்னு கூட்டல் கழித்தல் இருந்துச்சு. அதத் தூக்கியாச்சு, இந்த விசயத்துல யாருகிட்டயும் ஓட்டெடுப்பு நடத்தல, நடத்தவும் மாட்டேன். கதைக்குள்ள அந்தக் காலத்து ஏத்தத்தாழ்வு இருக்கலாம், ஊர்க்காரன் ஒன்ன உள்ள விட மாட்டேன்னு சொல்லலாம், நீ அத எதுத்து நிக்கிறதுதான் கதையே. ஆனா பொறப்புலயே இவனுக்கு அறிவு ரெண்டு கம்மின்னு ரூல்புக் சொல்லக்கூடாது. அது கதாபாத்திரம் சொல்றது இல்ல, நாம சொல்றது. நம்ம மேசையில எல்லா ஊர்ல இருந்தும் எல்லா வீட்டுல இருந்தும் புள்ளைங்க வந்து உக்காருதுங்க.

டி அண்ட் டியும் 2024-ல வந்த திருத்துன புத்தகத்துல இனத்துக்குன்னு இருந்த திறன் கூட்டல எடுத்து, அந்த ஆளு வளந்த பின்னணிக்கு மாத்திருச்சு. நம்மதும் அப்படித்தான். உப்பு வண்டி ஓட்டி வளந்தவன், கோட்டைக் கொத்தனார்கிட்ட வேல பாத்தவன், சத்திரத்துல வளந்தவன்னு பன்னெண்டு பின்னணி இருக்கு. ஆடிப் பாத்தா கதைக்கும் இதுதான் தீனி போடுது, உப்பு வண்டிக்காரனுக்கு எந்த ஊர்ல எந்தக் கெணறு நல்ல தண்ணின்னு தெரியும்ல.

நம்ம ராட்சசன் கூட டி அண்ட் டில இருக்கானாமே? அந்தப் பாரம்பரியத்தையாவது சேப்பீங்களா?

இருக்கான். 1977-ல வந்த மிருகங்க புத்தகத்துலயே இருக்கான், புலித்தல, உள்ளங்கை பின்பக்கம் திரும்பியிருக்கும், மந்திரிச்ச குறுக்குவில் அம்பு ஒண்ணு பட்டா அந்த எடத்துலயே காலி. எந்தப் புராணத்துல குறுக்குவில்லு வந்துச்சுன்னு தேடாதீங்க, 70-கள்ல ஓடுன ஒரு அமெரிக்க டிவி பேய்த்தொடர்ல இருந்து வந்தது அது. ஆனா எடிஷன் எடிஷனா அந்த அம்போட நெழல் கூடவே வருது, 2014 புத்தகத்துலயும் நல்லவன் கையில இருக்குற குத்துற மந்திர ஆயுதம்னா ராட்சசனுக்கு ஆகாது. அவங்களுக்கு அது அம்பது வருசப் பழக்கம், வெச்சுக்கட்டும். நமக்கு எதுக்கு, நம்ம ஊர்ல சொந்தமா முனி இல்லையா, எல்லைச்சாமி இல்லையா.

வெளிய இருந்து எதிர்ப்பு வந்தா மாத்துவீங்களா?

யாரு எதுக்குறாங்க, எதுக்கு எதுக்குறாங்கன்னு பாக்கணும். 80-கள்ல அமெரிக்காவுல இந்த கேம் புள்ளைங்கள சாத்தான் பக்கம் இழுக்குதுன்னு பெரிய பீதி கெளம்புச்சு, 1989-ல வந்த ரெண்டாவது எடிஷன்ல பேய் பிசாசுங்கிற பேரையே எடுத்துட்டு வாய்ல நுழையாத வேற பேரு வெச்சாங்க. ஆடுனவங்க எல்லாரும் பழைய பேரையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க, 2000-ல பேரு திரும்ப வந்திருச்சு. பயத்துல மாத்துறது நிக்காது.

கேரக்டர் சீக்கிரம் செத்துப்போறானே, அதயாவது கொறைங்கக்கா.

கொஞ்சம் கொறைச்சிருக்கு. 1977-ல வந்த டிராவலர் கேம்ல கேரக்டர உருவாக்கும்போதே செத்துப்போகலாம், ஆட்டம் ஆரம்பிக்கவே இல்ல ஆளு காலி, அதோட ஒப்பிட்டா நம்மது சொர்க்கம். புது ரூல்ல உயிர் பூஜ்யத்துக்கு வந்தா உடனே சாவு இல்ல, பக்கத்துல கூட்டாளி யாராவது வந்து சேர மூணு சுத்து டைம் இருக்கு. யாரும் வரலைன்னா உனக்கு நல்ல கூட்டாளி இல்லன்னு அர்த்தம், அதுக்கு ரூல் எழுத முடியாது.

நாங்க பழைய எடிஷன்லயே ஆடுறோம்னா கோச்சுக்குவீங்களா?

எதுக்கு கோவம்? புத்தகத்துக்கு எக்ஸ்பயரி டேட் கெடையாது. 70, 80-கள்ல வந்த ரூல அப்படியே இன்னைக்கும் ஆடுற பெரிய கூட்டமே ஒலகத்துல இருக்கு, அந்த ஓஜிஎல் உரிமத்த வெச்சுத்தான் 2006-ல ஓஸ்ரிக்னு பழைய ரூல திரும்ப எழுதி வெளியிட்டாங்க, அதுக்கப்புறம் அந்தப் பக்கம் ஒரு தனிச் சந்தையே வந்திருச்சு. 2023 ஜனவரியில டி அண்ட் டி கம்பெனிக்காரங்க அந்த உரிமத்த இறுக்கப் பாத்தாங்க, ஒலகம் பூரா ஆட்டக்காரங்க ஒண்ணா நின்னு சத்தம் போட்டதுல, அதே மாசக் கடைசியில அஞ்சாவது எடிஷனோட அடிப்படை ரூல கிரியேட்டிவ் காமன்ஸ்ங்கிற பொது உரிமத்துல போட்டு விட்டுட்டாங்க, இனி யாரும் திரும்பப் புடுங்க முடியாது. அதனால நம்ம அண்ணன் நோட்டையும் ஸ்கேன் பண்ணி ஓரத்துப் பேனா எழுத்தோட அப்படியே வெச்சிருக்கு, கேட்டா குடுப்போம்.

பிளேடெஸ்ட் எப்படிப் பண்றீங்க? நாங்க வரலாமா?

புது ரூல ஆடிப் பாத்து சோதிக்கிறதுதான பிளேடெஸ்ட், வாங்க, ஆனா "ரூல் எப்படி இருக்கு"ன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா எல்லாரும் "நல்லாருக்குக்கா"ம்பீங்க, இல்லன்னா அரை மணி நேரம் தத்துவம் பேசுவீங்க. நான் ஓரமா உக்காந்து மூணே விசயம் பாப்பேன். எந்த எடத்துல புத்தகத்தத் தொறக்குறாங்க, எப்ப போன எடுக்குறாங்க, எந்த ரூல பழைய ஆளு புது ஆளுக்கு சொல்லிக் குடுக்கும்போது தப்பா சொல்றாரு. அந்த மூணாவதுதான் தங்கம். தப்பா சொல்ற ரூல் பெரும்பாலும் எழுதுனத விட நல்லாருக்கும், வளரி திரும்ப வர்ற ரூல் அப்படித்தான் உள்ள வந்துச்சு. மேலூர்க்காரங்க மன்னிக்கணும், வளரி திரும்ப வரும், ஆனா தாயம் விழுந்தா மட்டும்.

ஒவ்வொரு பிளேடெஸ்ட்லயும் பாதிப் பேரு புதுசா இருக்கணும்னு வெச்சிருக்கோம். பழைய ஆளுக மட்டும் இருந்தா ரூல்ல இருக்குற ஓட்டைய அவங்க பழக்கத்தால அடைச்சுருவாங்க, ஓட்டை இருக்குறதே தெரியாது.

என் பழைய கேரக்டர எப்படி மாத்துறது?

ஷீட்டும் ஒரு பென்சிலும் எடுத்துட்டு வாங்க. பயிற்சி மூணு, நாலுன்னு இருந்தா எல்லாத்தையும் ரெண்டுன்னு போடுங்க, கொறைச்ச ஒவ்வொரு எண்ணுக்கும் பதிலா புதுசா ஒரு தொழில்ல பயிற்சி ஒண்ணு எடுத்துக்கலாம், வாடிப்பட்டி தம்பிக்கு இதுல நெறய வரும். பொறப்பு வரிய அடிச்சுட்டு பன்னெண்டு பின்னணியில ஒண்ணு எழுதுங்க, ஏற்கனவே ஆடுன கதையோட ஒத்துப்போறதா பாத்து எழுதுங்க. உயிர் எண், ஆயுதம், காசு, நெலம், கடன், எதிரி எதையும் தொடாதீங்க. காயம், தழும்பு, போன கை எல்லாம் அப்படியே. பழைய கதைகள்ல எண் போடாத எடமெல்லாம் 4-ன்னு வெச்சுக்கோங்க, காவல் இருக்குற எடம்னா 5, கோட்டைக்குள்ளன்னா 6. மாத்தி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னா எந்த வரியில நின்னீங்கன்னு குறிச்சு என்கிட்ட குடுங்க, அது உங்க தப்பு இல்ல, அந்த வரிய நான் திரும்ப எழுதணும்.